கம்ப்யூட்டர் கடிகாரம் தப்பு காட்டுகிறதா? எவ்வளவு தப்பு என்று முதலில் பாருங்கள்

நேரம் தப்பாக இருந்தால் கையால் திருத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம், மறுநாள் ஆன் செய்தால் மறுபடி அதே கதை. திருத்துவதற்கு முன்னால் போனில் இருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கோளாறு எங்கே என்பது பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

சில நிமிடம்தான் பிசகு என்றால் விண்டோஸில் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம் என்று போய் 'சிங்க் நவ்' அழுத்துங்கள், அவ்வளவுதான். பன்னிரண்டரை அல்லது பதிமூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறதா? டைம் ஜோன் அமெரிக்க மேற்குக் கரையிலேயே நிற்கிறது. அதே பக்கத்தில் சென்னை, கொல்கத்தா, மும்பை என்று வரும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

சரியாக 5 மணி 30 நிமிடம் என்றால் அநேகமாக ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பீர்கள். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நம்பிவிடும். அதனால் மதியம் 3.30-க்கு விண்டோஸில் காலை 10 மணி காட்டும். லினக்ஸ் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையின் 'செட்-லோக்கல்-ஆர்டிசி' என்ற பகுதிக்கு 1 கொடுத்தால் (timedatectl set-local-rtc 1) இரண்டும் ஒத்துப்போகும். அதற்கு லினக்ஸ் ஒரு எச்சரிக்கை காட்டும். கோடையில் கடிகாரத்தை மாற்றி வைக்கும் நாடுகளில்தான் அது பெரிய தொல்லை, நம் ஊரில் அந்தப் பழக்கமே இல்லை.

அடுத்தது, தேதியே பல வருடம் பின்னால் போவது. பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்று வரும், ஏனென்றால் கம்ப்யூட்டர் கணக்குப்படி அந்தத் தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. என் பழைய டெஸ்க்டாப்பில் இது வந்தபோது மதர்போர்டே போச்சு என்றார்கள், கடைசியில் பார்த்தால் மதர்போர்டு கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது, வட்டமாக ஒரு நாணயம் மாதிரி இருக்குமே, அது.

மாற்றுவது சுலபம். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியைத் திறந்து, பேட்டரி ஓரத்தில் இருக்கும் சின்னக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் பேட்டரி தானாக மேலே எழும்பும். எழுத்து இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி புதியதை வைத்து அழுத்துங்கள், 'டக்' என்று உட்காரும். லேப்டாப் என்றால் பல மாடல்களில் முழுக்கப் பிரிக்க வேண்டிவரும், பழக்கம் இல்லாதவர்கள் கை வைக்க வேண்டாம்.

அப்புறம் ஆன் செய்த உடனே டெலீட் அல்லது எஃப்2 தட்டி, விண்டோஸ் வருவதற்கு முன்னால் இருக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய்த் தேதியையும் நேரத்தையும் கையால் போடுங்கள். இதைத் தாண்டாதீர்கள். வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் விண்டோஸ் பொதுவாகத் தானாகத் திருத்த மறுத்துவிடும், 'சிங்க் நவ்' எத்தனை தடவை அழுத்தினாலும் பயன் இருக்காது.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, ராத்திரி பிளக்கைப் பிடுங்கி வைத்து, காலையில் நெட் இல்லாமல் ஆன் செய்யுங்கள். அப்போதும் நேரம் தவறினால் பேட்டரி உட்காரும் இடத்தில் துருவோ தளர்வோ இருக்கிறதா என்று பாருங்கள்.