உண்டிவில்லை எடுக்குமுன் புறாவைப் பாருங்கள்

நுவரெலியாவில் கந்தப்பளைப் பக்கம், லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் பட்டாணியும் கீரையும் போடுகிறேன். விதைத்த கையோடு மணிப்புறா இறங்கிவிடும். தம்பிமார் உடனே உண்டிவில்லைத் தூக்குவார்கள். அடிக்கவே கூடாது என்பது என் கட்சி. அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

முதலில் கொஞ்ச நேரம் பாருங்கள். தனியாக மேய்கிறதா? ஜோடி இல்லை என்று முடிவுகட்டாதீர்கள், மற்றது கூட்டில் இருக்கலாம். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும். பகலில் பெரும்பாலும் ஆண், இரவில் பெண். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். அலகில் ஒற்றைச் சுள்ளியோடு ஒரே மரத்துக்குப் போய்ப்போய் வந்தால் கூடு கட்டுகிறது என்று அர்த்தம். கூடு என்ன கூடு, நாலு சுள்ளி! இடுக்கு வழியே வெள்ளை முட்டை இரண்டும் கீழே நிற்பவனுக்குத் தெரியும்.

குஞ்சு பொரித்ததும் தாயும் தகப்பனும் தொண்டைப் பையில் சுரக்கும் பாலை ஊட்டும். ஒன்றை அடித்துவிட்டால், நம் மலைக் குளிரில் மற்றது குஞ்சை அணைத்திருக்குமா, இரை தேடப் போகுமா?

சீசன் பார்த்து அடிக்கலாமே என்பார்கள். மணிப்புறா வருஷம் முழுக்க முட்டையிடும், அப்புறம் என்ன சீசன்? மேல்காட்டு மலைப்புறா பேச்சே வேண்டாம். இலங்கையில் மட்டும் உள்ளது, இடுவதும் ஒரே முட்டை.

சரி, பாத்திக்கு வழி? விதையை நன்றாக மண்ணால் மூடி, முளைக்கும்வரை மேலே மானாப்புல் பரப்புங்கள். வலை கட்டினால் விறைப்பாகக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் கால் சிக்கும்.