ஓடையின் வேகத்தை மேட்டிலேயே குறைப்பது எப்படி?

ஊருக்குள் வெள்ளம் வந்து போனதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ஓடையை ஆழமாக வெட்டுங்கள், நேராக்குங்கள். நான் அங்கே தொடங்க மாட்டேன். அப்படி வெட்டிய ஓடை நம் ஊர்த் தண்ணீரை அடுத்த ஊருக்கு இன்னும் வேகமாகத் தள்ளிவிடும். மேட்டில் பெய்த மழை கீழே வந்து சேரும் நேரத்தை நீட்டுவதுதான் நம் வேலை.

முதலில் நல்ல மழையில் நடந்து பாருங்கள். பெருக்கெடுத்த ஓடைக்குள் மட்டும் இறங்க வேண்டாம். எந்த வயல் மூலையிலிருந்து தண்ணீர் கலங்கலாகப் புறப்படுகிறது, எந்த வண்டித்தடம் வாய்க்காலாக மாறுகிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் எத்தனை முறை போனாலும் இது தெரியாது. சரிவின் அடியில் இருக்கும் வயல் வாசலை மேலே மாற்றினாலே பல இடங்களில் வழிந்தோடுவது குறையும். செலவு குறைந்த வேலை, ஆனால் யாருக்கும் தோன்றுவதில்லை.

அப்புறம் மண். மாடு மிதித்து, டிராக்டர் ஓடி இறுகிய நிலத்தில் தண்ணீர் இறங்காது. சரிவுக்குக் குறுக்கே உழுவது, அறுவடைக்குப் பின் நிலத்தை வெறுமையாக விடாமல் மூடுபயிர் போடுவது, சரிவின் குறுக்கே மரவரிசை வைப்பது, இவை மூன்றும் உதவும். வேல்ஸ் நாட்டின் பாண்ட்பிரென் பகுதியில் உழவர்கள் நட்ட மரவரிசைகளில், பக்கத்து மேய்ச்சல் நிலத்தைவிட 60 மடங்கு வரை வேகமாகத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. நட்டுச் சில ஆண்டுகளே ஆன இளம் மரங்கள் அவை.

இனி ஓடை. எனக்குப் பிடித்த வேலை இதுதான், கவனமும் இங்கேதான் அதிகம் வேண்டும். சிறிய ஓடையின் குறுக்கே மரத்தடிகளைக் கிடத்தும்போது முழுக்க அடைக்கவே கூடாது. சாதாரண நாளில் ஓடும் நீர்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அடித்தடியை வையுங்கள். மீன் தடையின்றிப் போகும், வண்டலும் நகரும். வெள்ளத்தில் மட்டும் தண்ணீர் தடியில் முட்டி, பக்கத்து நிலத்தில் பரவி, மெதுவாக வடியும். தடியின் நீளம் ஓடையின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். இரு முனைகளையும் கரைக்குள் புதையுங்கள், அல்லது நிற்கும் மரங்களுக்கு இடையே செருகுங்கள். அடித்துப் போகும் தடி கீழே பாலத்தையோ குழாயையோ அடைத்துக்கொண்டால், நாம் தடுக்க நினைத்த வெள்ளத்தை நாமே உண்டாக்கியவர்களாவோம். அதனால் பாலத்துக்கு அருகில் வேண்டாம். ஒரே பெரிய தடுப்பைவிடப் பல சிறிய தடுப்புகளை விட்டுவிட்டு அமைப்பதே நல்லது. நில உரிமையாளரின் சம்மதமும் ஆற்றைக் கவனிக்கும் அரசுத் துறையின் அனுமதியும் முன்பே வேண்டும்.

இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு கிளை ஓடைகள் ஊருக்கு மேலே சேர்கின்றனவா? எதில் வெள்ளம் முதலில் உச்சமாகிறது என்று பாருங்கள். முந்தி வருவதை நாம் தாமதப்படுத்தினால், இரண்டு உச்சமும் ஒன்றாக வந்து சேர்ந்துவிடலாம். பிந்தி வருவதைத் தாமதப்படுத்துவதே பாதுகாப்பு.

கரையோரத்தில் மாடு இறங்காதபடி வேலி போட்டு, உள்ளூர் மரங்களை நடுங்கள். வேர் கரையைப் பிடிக்கும், நிழல் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கும். கரை சரிந்து வரும் வண்டல் சரளைக்கல் இடுக்கில் இருக்கும் மீன் முட்டைகளை மூச்சடைக்க வைத்துவிடும். ஆற்றின் நலத்துக்கு இதைவிட முக்கியமான வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? 2007-ல் வெள்ளத்தில் தவித்த இங்கிலாந்தின் பிக்கரிங் ஊரில் மரத்தடுப்புகள், மரநடவு, மேலே ஒரு நீர்த்தேக்கக் கரை என்று சேர்த்துச் செய்தார்கள். 2015 டிசம்பர் மழையில் வெள்ள உச்சம் 15 முதல் 20 சதவீதம் குறைந்தது என்று கணக்கிட்டார்கள். மண் முழுக்க ஊறியபின் கொட்டும் பெருமழையில் பலன் குறையும். எனவே எச்சரிக்கை ஏற்பாட்டைக் கைவிட வேண்டாம்.

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் தடுப்புகளைப் பார்வையிட யார் போவது என்று பெயர் போட்டு எழுதி வையுங்கள். பாலத் தூணில் அளவுக்கோடுகள் வரைந்து, உச்சமட்டத்தையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறியுங்கள். அடுத்த தடுப்பை எங்கே போடுவது என்று அந்த நோட்டைப் பார்த்து முடிவுசெய்யலாம்.