பாங்காக்கில் ஒரே ஒரு நாள்: செய்யக் கூடாதவை

சென்னையில் நள்ளிரவு வாக்கில் விமானம் ஏறினால் விடியும்போது பாங்காக்கில் இறங்கிவிடலாம். அதனால் ஜப்பானுக்கோ வியட்நாமுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகிற நம் ஊர்க்காரர்கள் பலர் நடுவில் ஒரு நாள் இங்கே தங்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் இங்கே வேலையில் இருப்பதால் உறவினர், நண்பர், நண்பரின் சம்பந்தி வீட்டார் என்று யாராவது ஒருவர் "ஒரு நாள்தான் இருக்கு, இப்படிப் போட்டிருக்கேன், சரியா பாருங்க" என்று திட்டம் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். வந்த புதிதில் நான் போட்ட திட்டங்கள் போலவேதான் அவையும் இருக்கின்றன. ஊர் மாறாமல் அப்படியே இருக்க, தவறும் மாறாமல் இருக்கிறது.

தொப்பி, தண்ணீர் பாட்டில், "இன்னைக்கு அரண்மனை லீவு" என்று சொல்லி நகைக்கடைக்குக் கூட்டிப்போகும் துக்துக்காரர் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

இறங்கியதும் ஓட்டலுக்குப் போவது

தாய்லாந்துக் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே காலை ஆறு என்றால் உடம்புக்கு நாலரைதான். தூக்கம் வரும். பிரதுநாம் கடைத்தெருப் பகுதியில் பதிவு செய்த ஓட்டலுக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்கு முன்னால் அறை கிடைப்பது சந்தேகம். வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து, காலை உணவு சாப்பிட்டு, குளித்து, கிளம்பும்போது மணி பதினொன்று. அன்றைய நாளின் நல்ல பகுதி அங்கேயே போய்விட்டது.

சுவர்ணபூமியில் இறங்குகிறவர்கள் பெட்டியை விமான நிலையத்திலேயே பொருள் காப்பகத்தில் போட்டுவிடுங்கள். முகம் கழுவி, உடை மாற்றி, கீழ்த்தளத்தில் ஏர்போர்ட் ரயிலில் ஏறுங்கள். மக்கசானில் இறங்கி, நடைபாலம் வழியாக பெட்சபுரி எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்குப் போனால், அங்கிருந்து ஒரே ரயில் சனாம் சாய் வரை. அந்த நிலையத்திலிருந்து வெளியே வந்தால் வாட் போ கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. சாலையில் ஒரு வண்டியில்கூட ஏறாமல் பழைய நகரத்துக்கு வந்துவிட்டீர்கள். வயதானவர்கள் கூட இருந்தால் ஒரு கோயிலைக் குறைத்துக்கொண்டு மதியம் ஓய்வெடுங்கள். காலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒரே நாளில் மிதக்கும் சந்தை

எனக்கு வரும் திட்டங்களில் பாதிக்கு மேல் இது இருக்கும். காலை மிதக்கும் சந்தை, மதியம் அரண்மனை. ஒவ்வொரு முறையும் போனில் பேசி, கெஞ்சி, மாற்றச் சொல்கிறேன். பாதிப் பேர் மாற்றுவதில்லை. இதில் மட்டும் எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

எல்லோரும் மனதில் வைத்திருக்கும் அந்தப் படம், ஓலைத்தொப்பி போட்ட பெண்கள் பழம் நிரப்பிய படகைத் துடுப்புப் போட்டு வருவது, தம்னன் சதுவாக் சந்தையுடையது. அது பாங்காக்கில் இல்லை. தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ராட்சபுரி மாகாணத்தில் இருக்கிறது. அந்தப் படம் கண்ணுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் ஏழு, எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். சுற்றுலா வேன் அப்படிப் போகாது. ஏழு மணிக்கு உங்கள் ஓட்டலில் ஏற்றிக்கொண்டு, இன்னும் நாலு ஓட்டல் சுற்றி ஆள் நிரப்பி, அப்புறம்தான் ஊரைத் தாண்டும். வழியில் தேங்காய் வெல்லம் காய்ச்சும் இடம் ஒன்று, கூடவே மெக்லாங் ரயில் சந்தை. தண்டவாளத்தின் மேலேயே கடை விரித்திருப்பார்கள், ரயில் வரும்போது கூரையை மடக்கிக்கொள்வார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் ரயில் ஒரு நாளைக்குச் சில முறைதான் வரும், அதுவரை வேன் நிற்கும். சந்தையில் துடுப்புப் படகுக்குத் தனிக்காசு. திரும்பும் வழி ராமா 2 சாலை. எப்போது பார்த்தாலும் ஏதாவது மேம்பால வேலை நடந்துகொண்டிருக்கும் சாலை அது.

நண்பர் ஒருவரின் அக்கா குடும்பம், மதுரைக்காரர்கள், இப்படித்தான் போனார்கள். கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், அக்காவின் மாமியார். அந்த அம்மா புரட்டாசி மாதம் முழுக்க வீட்டில் கம்பராமாயணம் படிக்கிறவர். அரண்மனைக்குள் ராமாயணம் முழுவதும் சுவரில் வரைந்திருக்கிறது என்று நான் போனில் சொன்னபோது, அவர்தான் போனை வாங்கி "முழுசுமா?" என்று கேட்டார். ஓட்டல் மேசையில் இருந்த ஆள் "ரெண்டும் முடிச்சிடலாம்" என்று சொன்னதை நம்பி வேனுக்குப் பணம் கட்டிவிட்டார்கள். திரும்பி வந்து அரண்மனை வாசலில் நிற்கும்போது மணி நாலு. டிக்கெட் கொடுப்பது மூன்றரைக்கே முடிந்துவிடும். இரவு அவர்களுக்கு விமானம். அந்த அம்மா வெள்ளைச் சுவரை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போனார்.

அவர் எதை இழந்தார் என்று சொல்கிறேன். அரண்மனைக்குள் இருக்கும் மரகத புத்தர் கோயிலைச் சுற்றி ஓடும் பிராகாரச் சுவரில் 178 ஓவியங்கள். 1782-இல் முதலாம் ராமர் என்ற தாய்லாந்து அரசர் இந்த அரண்மனையைக் கட்டத் தொடங்கினார்; அவர் காலத்தில் வரையத் தொடங்கி, பலமுறை புதுப்பித்து வருகிறார்கள். கதை ராமகியன், தாய்லாந்தின் ராமாயணம். கம்பனைப் படித்தவருக்கு ஒவ்வொரு அடிக்கும் ஒரு வியப்பு கிடைக்கும். இங்கே அனுமன் பிரம்மச்சாரி இல்லை. கடலில் பாலம் கட்டும்போது ராவணன் மகளான மச்சகன்னி கல்லைத் திருடப் போக, அவளைத் துரத்திப் போய் அவளையே மணக்கிறான். கம்பனில் இல்லாத, நம் ஊர்க் கூத்தில் மட்டும் கேட்ட மயில்ராவணன் கதை இங்கே பெரிய சுவரில் இருக்கிறது. அவன் பெயர் மையராப். அவனிடமிருந்து ராமனைக் காக்க அனுமன் மலைபோல் வளர்ந்து, ராமன் தங்கிய மண்டபத்தையே வாய்க்குள் வைத்துக்கொள்கிறான். அந்த ஓவியத்தின் முன்னால் நின்று பாருங்கள், தங்க ரேக்கு பூசிய இடமெல்லாம் காலை வெளிச்சத்தில் தெரியும். வடக்கு வாசலிலிருந்து தொடங்கி வலமாகச் சுற்றினால் கதை வரிசையாக வரும். ஒரு மணி நேரமாவது வேண்டும். எட்டரைக்கு வாசல் திறக்கும்போது உள்ளே போனவர்களுக்குத்தான் அந்த ஒரு மணி நேரம் அமைதியாகக் கிடைக்கும். பத்து மணிக்குப் பேருந்துக் கூட்டம் வந்துவிட்டால் சுவருக்கும் உங்களுக்கும் நடுவில் நூறு பேர்.

சந்தை மோசம் என்று நான் சொல்லவே இல்லை. மூன்று நாள் இருந்தால் கட்டாயம் அந்தப் பக்கம் போங்கள். அதிலும் வெள்ளி முதல் ஞாயிறு வரை நடக்கும் அம்பாவா மாலைச் சந்தைக்குப் போய் ஓர் இரவு தங்கினால், படகில் மின்மினி பார்க்கலாம். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் கணக்கு வேறு. இந்த ஊரில் பார்க்க வேண்டிய பழையவை எல்லாம் காலையில் திறந்து மாலைக்குள் மூடிவிடும். சாப்பாட்டுத் தெரு, கடைத்தெரு, ஆற்றங்கரை விளக்கு எல்லாம் மாலையில்தான் தொடங்கும். மாலை எப்படியும் உங்களுக்குக் கிடைக்கும். காலை ஒன்றுதான், அதை வேனுக்குள் கழித்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

கால்வாய் ஆசை விடவில்லையா? சனி, ஞாயிறாக இருந்தால் ஊருக்குள்ளேயே தலிங் சான், குலோங் லட் மயோம் என்று இரண்டு சந்தைகள் இருக்கின்றன. உள்ளூர்க் குடும்பங்கள் சாப்பிட வருகிற இடங்கள். வார நாளில், படகுத்துறையில் நீளவால் படகு ஒன்றைப் பேசி தொன்புரிக் கால்வாய்களுக்குள் ஒரு மணி நேரம் சுற்றி வரலாம். மரவீடு, கோயில், திண்ணையில் துணி காயப்போடும் பாட்டி, படிக்கட்டில் உடும்பு எல்லாம் வரும்.

கிலோமீட்டரைப் பார்த்து நேரம் போடுவது

சியாம் சதுக்கத்திலிருந்து அரண்மனை ஐந்தாறு கிலோமீட்டர். "இருபது நிமிஷம்" என்று திட்டத்தில் எழுதியிருப்பார்கள். காலை ஏழு முதல் ஒன்பதரை வரையும், மாலை நாலரைக்கு மேலும் அந்த ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. மழை பெய்தால் இன்னும் மோசம். அசோக் சந்திப்பில் சிக்னல் ஒரு முறை மாறுவதற்குள் பொறுமை போய்விடும்.

ஆறும் ரயிலும்தான் இங்கே நேரத்துக்கு ஓடுகின்றன. வான்ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாத்தோன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு 16 பாட்தான், வேலைக்குப் போகிறவர்களோடு நின்றுகொண்டு போகலாம். நீலக்கொடி சுற்றுலாப் படகுக்கு அதைவிடக் கூடுதல். துறையில் நிற்கும் ஆட்கள் உங்களை அதற்குத்தான் அனுப்புவார்கள். கொடியின் நிறத்தைப் பார்த்து வரிசையில் நில்லுங்கள்.

பழைய நகரத்துக்கு ஒருமுறை வந்துவிட்டால் மாலை வரை அங்கேயே இருங்கள். நடுவில் சாப்பிட பிரதுநாம், மறுபடி ஆற்றின் அக்கரையில் இருக்கும் வாட் அருண் கோயில் என்று போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு நாள் முழுக்க டாக்ஸி இருக்கைதான் மிச்சம். அரண்மனை, நடந்து போகும் தூரத்தில் 46 மீட்டர் நீளத்துக்குச் சயனத்தில் இருக்கும் வாட் போ புத்தர், தா தியன் துறையில் மதியச் சாப்பாடு, அப்புறம் தோணியில் ஆற்றைக் கடந்து வாட் அருண். தோணிக்குச் சில பாட் சில்லறை போதும். வாட் அருணில் மதிய வெயிலில் ஏறாமல் நாலு மணிக்கு மேல் போனால் பீங்கான் துண்டு பதித்த கோபுரம் நிறம் மாறி நிற்கும். திரும்பி இக்கரைக்கு வந்து அது இருட்டில் ஒளிர்வதைப் பாருங்கள்.

நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு அரண்மனையில் 500 பாட், வாட் போவில் 300, வாட் அருணில் 200. நாலு பேருக்கு மூன்றுமே என்றால் நாலாயிரம் பாட் ஆகிறது. பணம் யோசிப்பவர்கள் ஒன்றை விடலாம். நான் என்றால் வாட் அருணை இக்கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

அரைக்கால் சட்டை

அரண்மனைக்கும் கோயில்களுக்கும் முட்டி மூட வேண்டும், தோள் மூட வேண்டும். ஆண்களுக்கும்தான்.

வார நாளில் சத்துசக்

அந்தப் பெரிய சந்தை முழுதாக நடப்பது சனி, ஞாயிறு மட்டும்.

ஒரே டிக்கெட் எல்லா ரயிலுக்கும் என்று நினைப்பது

வான்ரயில் வேறு, எம்ஆர்டி வேறு, ஏர்போர்ட் ரயில் வேறு. வான்ரயிலின் ராபிட் கார்டு, நீங்கள் இங்கே ஏறும் எம்ஆர்டி நீல வழித்தடத்தின் கதவைத் திறக்காது. எம்ஆர்டியில் வங்கிக் கார்டைக் கதவில் தொட்டாலே போதும். ஒரு நாளுக்காகக் கார்டு வாங்கி, அதில் பணத்தை மிச்சம் விட்டுப் போகாதீர்கள். அந்தந்த நிலையத்தில் ஒற்றைப் பயண டிக்கெட் எடுங்கள்.

"காய்கறி மட்டும்" என்று சொல்லிச் சாப்பிடுவது

காய்கறிதான் வரும், அதில் மீன் சாறும் ஊற்றியிருப்பார்கள். சமைக்கிறவருக்கு அது உப்பு மாதிரி, அதை அசைவம் என்று அவர் நினைப்பதில்லை. சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் பின்னணியில் சிவப்புத் தாய் எழுத்தில் ஜே என்று எழுதிய கொடி தொங்கும் கடையைத் தேடுங்கள். அங்கே பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. இல்லையென்றால் பழைய நகரத்துக்குப் பக்கத்திலேயே பஹுரத் இருக்கிறது, இந்தியத் துணிக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்த இடம்.

மாலையையும் மாலில் கழிப்பது

ஏ.சி.க்காக ஒரு மணி நேரம் போங்கள், தப்பில்லை. ஆனால் ஆறு மணிக்கு மேல் யாவ்வரத் சீனர் தெருவை விட்டுவிடக் கூடாது. சனாம் சாயிலிருந்து எம்ஆர்டியில் இரண்டாவது நிறுத்தம் வாட் மங்கோன், ஏறி வந்தால் தெரு அருகிலேயே. நடைபாதை முழுக்க அடுப்பு, மாதுளைச் சாறு, வறுத்த கஷ்கொட்டை.

இன்னும் அரை மணி நேரம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. சாம் யோட் நிலையத்திலிருந்து நடந்தால் பெரிய செந்நிற ஊஞ்சல் கம்பம் வரும். பக்கத்தில் தேவஸ்தான், அரச பிராமணர்களின் கோயில். மார்கழியில் நாம் பாடும் திருவெம்பாவையை இவர்கள் நூற்றாண்டுகளாக ஓதி வருகிறார்கள். த்ரியம்பவாய் என்று அந்த விழாவுக்கே அதன் பெயர்தான். ஊஞ்சலாட்டம் 1935-க்குப் பிறகு நின்றுவிட்டது, ஓதுவது நிற்கவில்லை. தமிழ் படித்தவர்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்த வாசலைக்கூடப் பார்க்காமல் போவது எனக்கு வருத்தம்.

எந்த விமான நிலையம் என்று பார்க்காமல் கிளம்புவது

இந்த ஊருக்கு இரண்டு. சுவர்ணபூமி கிழக்கே, தோன் முவாங் வடக்கே. மலிவு விமானங்கள் பல தோன் முவாங்கிலிருந்து போகின்றன. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுகிறவர்களும் உண்டு. டிக்கெட்டில் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காமல் நிலையத்தின் பெயரையும் பாருங்கள்.

மாலை ஐந்திலிருந்து எட்டு வரை டாக்ஸியில் விமான நிலையம் போக நினைக்க வேண்டாம். சுவர்ணபூமிக்கு யாவ்வரத்திலிருந்து எம்ஆர்டியில் பெட்சபுரி, நடந்து மக்கசான், அங்கிருந்து ஏர்போர்ட் ரயில். காலையில் வந்த வழியேதான். தோன் முவாங்குக்கு எம்ஆர்டியில் பாங் சூ வரை போய், அங்கே சிவப்பு வழித்தட ரயிலுக்கு மாறுங்கள். பெட்டியைக் காப்பகத்தில் வைத்தவர்கள் அதை எடுக்கவும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.