சாலையோர முருங்கையை ஆய்வுக்கு அனுப்புவது எப்படி?

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் சமூகத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, வண்டிப் புகை படுற முருங்கைக் கீரையைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமா?" பார்த்துச் சொல்ல முடியாது. நச்சு உலோகமான ஈயம் ஏறிய மரமும் பச்சைப் பசேலென்றுதான் நிற்கும். ஆய்வுக்கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். மாதிரி எடுப்பதில் கோட்டைவிட்டால் காசு வீண்.

முதலில் மண். ஈயம் கலந்த பெட்ரோல் சிங்கப்பூரில் 1998-இல் ஒழிந்தது. ஆனால் அதற்கு முன் படிந்த ஈயம் எளிதில் கரைந்து போகாது, மேல்மண்ணிலேயே தங்கிவிடும். டயர் தேய்வதால் துத்தநாகமும் பிரேக் தேய்வதால் செம்பும் இன்றைக்கும் வந்து சேர்கின்றன. மரத்தைச் சுற்றி ஐந்தாறு இடங்களில், மேல் 5 செ.மீ. மண்ணைத் தனியாகவும் அதற்குக் கீழே 20 செ.மீ. வரை தனியாகவும் எடுத்து, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே கலந்துகொள்ளுங்கள். எவர்சில்வர் கரண்டி, பிளாஸ்டிக் வாளி போதும். தகர வாளி கூடவே கூடாது, அதன் துத்தநாகப் பூச்சு மண்ணோடு சேர்ந்துவிடும்.

அப்புறம் இலை. இதில்தான் கவனம் வேண்டும். நாலைந்து நாள் மழை பெய்யாமல் இருக்க வேண்டும். நம் ஊரில் அதற்குப் பிப்ரவரிதான் தோது. சாலைப் பக்கக் கிளைகளில், ஒரே உயரத்தில், முற்றிய இலைகளாக உருவி இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கை அப்படியே காகித உறையில் போடுங்கள். இன்னொன்றைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி, கடைசியாக ஒருமுறை காய்ச்சி வடித்த நீரிலும் முக்கி, உலர்த்தி வேறு உறையில் போடுங்கள். ஈயம், காட்மியம் என்ற இரண்டு நச்சு உலோகங்களையும் உலர் எடைக்குக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள்.

கழுவாத இலையில் மட்டும் அளவு கூடுதலாக இருந்தால், அது பெரும்பாலும் தூசி. சமைக்கும் முன் நன்றாக அலசினால் பெருமளவு போய்விடும். இரண்டிலுமே கூடுதல் என்றால் வேர் வழியே ஏறியிருக்க வாய்ப்புண்டு, மண் அறிக்கையைப் பாருங்கள். குடியிருப்பு மண்ணில் ஈயத்தின் எச்சரிக்கை அளவை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் கிலோவுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 200-ஆகக் குறைத்தது. அதைத் தாண்டினால் கீரையை விட்டுவிடுங்கள். காய்க்கு ஈயம் அவ்வளவாகப் போகாது.

காட்மியம்தான் தொல்லை என்றால் புளித்த (அமிலத்தன்மை கூடிய) மண்ணுக்குச் சுண்ணாம்பும் மக்கிய எருவும் போடுங்கள். புளிப்பு குறைந்தால் வேர் அதை உறிஞ்சுவதும் குறையும். பாஸ்பேட் உரத்திலும் காட்மியம் கலந்திருக்கும், அதை அள்ளிப் போடாதீர்கள்.