ஐசோலேட்டர் இரண்டு பக்கமும் வழிவிட்டபோது

காட்பாடி பக்கம் ஒரு கல்லூரியில் எக்ஸ்-பேண்ட் மைக்ரோவேவ் பெஞ்சை (10 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைகளை வைத்துச் சோதனை செய்யும் மேசை அமைப்பை) பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருநாள் கடைசியில் இருக்கும் ஷார்ட்டை, அதாவது அலையைத் திருப்பியனுப்பும் உலோக அடைப்பை, நகர்த்தினாலே, அலையை உண்டாக்கும் கன் ஆஸிலேட்டரின் அதிர்வெண் நகர ஆரம்பித்தது. திரும்பி வரும் அலை ஆஸிலேட்டர் வரை போகிறது என்று அர்த்தம். அதைத் தடுக்கத்தான் நடுவில் ஐசோலேட்டர்: அலையை ஒரு திசையில் மட்டும் விட்டு, எதிர்த்திசையில் விழுங்கும் கருவி. கழற்றித் திருப்பிப் போட்டு அளந்தேன். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே இழப்பு.

ஐசோலேட்டருக்குள் ஃபெரைட் என்ற காந்தப் பீங்கான் துண்டு இருக்கும். காந்தப்புலத்தில் இருக்கும் ஃபெரைட் எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. 22.86 மி.மீ. அகல வேவ்கைடில் (அலை போகும் உலோகக் குழாயில்), 10 கிகாஹெர்ட்ஸில், பக்கச் சுவரிலிருந்து சுமார் 5.2 மி.மீ. தள்ளி அலையின் காந்தப்புலம் வட்டமாகச் சுழலும். முன்னே போகும் அலைக்கு ஒரு சுழற்சி, திரும்பும் அலைக்கு நேர் எதிர்ச் சுழற்சி. அங்கே வைத்த ஃபெரைட் இந்த இரண்டு அலைகளில் ஒன்றை மட்டும் விழுங்கிவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. ஆனால் வெளிக்காந்தம் சரியாக இல்லையென்றால் இந்தப் பாகுபாடே கிடையாது.

மேல்மூடியைக் கழற்றினால், ஃபெரைட்டுக்கு மேலும் கீழும் ஒட்டியிருக்கும் இரண்டு காந்தங்களில், வேலூர் வெயிலில் பசை காய்ந்து மேல் காந்தம் ஓரமாக நழுவியிருந்தது.

"அண்ணே, அப்படியே ஒட்டிடலாமா?" என்றார் லேப் தம்பி.

கூடாது. இரண்டு காந்தமும் ஒன்றையொன்று இழுக்க வேண்டும். தள்ளினால் நடுவில் புலம் அடிபட்டுப் போகும். இரண்டையுமே புரட்டி வைத்தால் தடுக்கும் திசையே மாறிவிடும். பழைய பசைத் தடத்தின்மேல் உட்காரவைத்து எபாக்ஸி போட்டோம். அப்புறம் அம்புக்குறிப்படி மாட்டி அளந்தேன். இப்போது ஷார்ட்டை எங்கே நகர்த்தினாலும் அதிர்வெண் அசைவதில்லை.