கனகாம்பரக் கலருக்கு இங்கிலீசில் என்ன? ‘ஆரஞ்ச்’ பழகுவோம்

பாளையங்கோட்டையில் எங்கள் மதினி வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறார்கள். போன வாரம் ஒரு கனகாம்பரக் கலர் சேலையின் படத்தோடு ‘அ ஆரஞ்ச் கலர் ஸாரி’ என்று இங்கிலீசில் எழுதிவிட்டு, “தம்பி, இது சரியா இருக்கா?” என்று கேட்டார்கள். முக்கால்வாசி சரி. மிச்சத்துக்குத்தான் இந்தப் பதிவு.

படி 1: ‘கலர்’ வேண்டாம்
நமக்குக் ‘கலர்’ சேர்த்தால்தான் நிறம் என்று புரியும். இங்கிலீசில் ‘ஆரஞ்ச் ஸாரி’ போதும். பத்துச் சேலை இருந்தாலும் ‘ஆரஞ்ச் ஸாரீஸ்’. ‘ஆரஞ்சஸ்’ என்று எழுதினால் பழம் கேட்டு ஆள் வரும்.

படி 2: ‘அ’வா, ‘அன்’னா?
ஆரஞ்ச் உயிரொலியில் தொடங்குவதால் ‘அன் ஆரஞ்ச் ஸாரி’. முன்னால் பிரைட் வந்துவிட்டால் ‘அ பிரைட் ஆரஞ்ச் ஸாரி’. பக்கத்தில் வரும் சொல்லின் முதல் ஒலியைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு கதை. சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச். எல்லாவற்றிலும் முன்னால் ‘நா’ இருக்கிறது. வேர் திராவிட மொழிகளில் இருக்கலாம் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறோமே, அந்த நாரத்தங்காய்க்குச் சொந்தக்காரச் சொல். இத்தாலி, பிரான்ஸ் பக்கம் போனபோது ‘ஒரு’ என்பதற்கான ‘உன்’னோடு ஒட்டி, முன்னால் இருந்த நகர ஒலி உதிர்ந்துபோனது. உதிராமல் இருந்திருந்தால் மதினி எழுதிய ‘அ’ சரியாகியிருக்கும்!

இங்கிலீசில் முதலில் வந்தது பழத்தின் பெயர். நிறத்துக்கு அது ஏறியது 16-ஆம் நூற்றாண்டில்தான். அதற்குமுன் பெரும்பாலும் சிவப்பு என்றே ஓட்டினார்கள். நெஞ்சு ஆரஞ்சாக உள்ள ராபின் குருவிக்கு ‘ரெட்பிரெஸ்ட்’ என்று பேர் நின்றது அதனால்தான். நாமும் பூவைப் பார்த்துத்தானே கனகாம்பரக் கலர் என்கிறோம்.

படி 3: வரிசை
புதுசு, நிறம், துணி: ‘அ நியூ ஆரஞ்ச் சில்க் ஸாரி’. ‘சில்க் ஆரஞ்ச்’ என்று புரட்ட வேண்டாம்.

படி 4: சாயல்
கடைசியில் நிற்பதே முதன்மை நிறம். ‘ரெட்டிஷ் ஆரஞ்ச்’ என்றால் சிவப்படித்த ஆரஞ்சு. ‘ஆரஞ்ச் ரெட்’ என்றால் சிவப்பு. செம்மஞ்சள் மஞ்சளில் ஒரு வகை என்பது மாதிரிதான்.

மதினி கடைசியில் ‘அ நியூ ரெட்டிஷ் ஆரஞ்ச் சில்க் ஸாரி’ என்று போட்டார்கள். அதற்குக் கீழே தமிழில் ‘கனகாம்பரம்’ என்றும் ஒரு வரி. நம்மூர்க்காரர்களுக்கு அந்த ஒரு சொல் போதும்.