வரிப் பாக்கிக்கு வட்டித் தள்ளுபடி: ஹைகோர்ட்டுக்குப் போகும் முன்

அண்ணன் கடையின் பழைய வருமான வரிப் பாக்கிக்காக அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். பான், இ-ஃபைலிங் லாகின் எல்லாம் கையில் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. எந்த வட்டி என்று முதலில் பாருங்கள் (இங்கே வரும் எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவுகள்). 234ஏ ரிட்டர்ன் தாமதத்துக்கு. 234பி, 234சி அட்வான்ஸ் டாக்ஸ் (ஆண்டு நடக்கும்போதே முன்கூட்டிக் கட்டும் வரி) குறைவுக்கு. டிமாண்ட் நோட்டீஸ் (இவ்வளவு வரி கட்டுங்கள் என்று துறை அனுப்பும் கடிதம்) வந்து 30 நாளில் கட்டாவிட்டால் ஓடுவது 220(2): மாதம் 1%. ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதக் கணக்குதான். இந்தப் பதிவு இந்த 220(2) வட்டிக்கு மட்டும்.

2. முடிந்தால் அசலைக் கட்டிவிடுங்கள். வட்டி மேலும் ஏறாது, கேட்கிற இடத்தில் மரியாதையும் இருக்கும்.

3. வட்டியைத் தள்ளுபடி செய்யவோ குறைக்கவோ கேட்டு 220(2ஏ)-வில் மனு. வட்டி 50 லட்சம் வரை என்றால் ஆணையர், 1.5 கோடி வரை தலைமை ஆணையர், அதற்கு மேல் முதன்மைத் தலைமை ஆணையர். காட்ட வேண்டியவை மூன்று: வட்டி கட்டுவது உண்மையான கஷ்டம், கட்டாமல் போனது கைமீறிய காரணத்தால், விசாரணைக்கும் வசூலுக்கும் ஒத்துழைத்தோம். ஒன்று குறைந்தாலும் மனு நிற்காது.

எங்களை மடக்கியது ‘கஷ்டம்’தான். கடை, வீடு என்று சொத்து இருக்கிறதே, விற்றுக் கட்டலாமே என்றார்கள் அதிகாரிகள். 2008-இல் பி.எம். மலானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சுட்டிக்காட்டுங்கள்: சொத்து இருப்பதாலேயே ஒருவருக்குக் கஷ்டம் வராது என்று முடிவுகட்ட முடியாது. அதோடு நிற்காமல் ஆஸ்பத்திரி பில், பேங்க் ஸ்டேட்மென்ட், வராத பாக்கிகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். வேர்டில் கதை எழுதுவதைவிட எக்செலில் ஒரு பக்க அட்டவணை போதும் என்பது என் கட்சி. மூன்று நிபந்தனைக்கும் தனித்தனித் தலைப்பு. மனு கொடுத்த நகலில் தேதி முத்திரை வாங்காமல் நகராதீர்கள். மனு சேர்ந்த மாதக் கடைசியிலிருந்து 12 மாதத்துக்குள் உத்தரவு வர வேண்டும்.

4. நிராகரித்தால்தான் கோர்ட். அரசியல் சட்டப் பிரிவு 226-இன்படி ஹைகோர்ட்டில் ரிட் மனு (அதிகாரியின் உத்தரவு சரியா என்று பார்க்கச் சொல்லும் மனு). வட்டியை நீதிபதியே கழித்துக் கொடுப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். நேரில் கேட்டார்களா, காரணம் எழுதினார்களா, மூன்று நிபந்தனையையும் பரிசீலித்தார்களா என்பதே அங்கே கேள்வி. இல்லையென்றால் உத்தரவை ரத்து செய்து ‘மறுபடி பார்’ என்று அதிகாரிக்கே அனுப்புவதுதான் வழக்கம். அதனால் ஒற்றை வரி நிராகரிப்பு வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். வக்கீலுக்குப் பிடித்த உத்தரவே அதுதான்.

பின்சேர்க்கை: 234பி-க்கும் இதே மனு போடலாமா என்று பலர் கேட்டார்கள். கூடாது. அந்த வட்டிகள் கட்டாயம் என்று 2001-இல் அஞ்சும் காஸ்வாலா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரெய்டில் கணக்குப் புத்தகம் பறிபோனது போன்ற சில சூழல்களுக்கு மட்டும் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி உத்தரவு உண்டு, மனுவும் தனி.

இன்னொன்று: மனு போட்டதால் மட்டும் வசூல் நிற்காது. தடை வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும்.